பிரிந்த பெற்றோர், விலகிப்போகும் குழந்தை: அந்நியமாக்கலைச் சட்டத்தின் வழியே எதிர்கொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

மணமுறிவுக்குப் பின், நீதிமன்றம் குறித்த நேரத்தில் சந்திப்புக்கு அழைத்து வரப்பட்ட எட்டு வயதுக் குழந்தை, இரண்டு மாதங்களுக்கு முன்புவரை தோளில் ஏறி விளையாடிய அதே குழந்தை, நாற்காலியின் ஓரத்தில் ஒட்டி உட்கார்ந்து, முகத்தைப் பார்க்காமலேயே, "நீங்க ஜீவனாம்சம் ஒழுங்கா கட்டறதில்லை, அதனால நான் உங்களோட வரமாட்டேன்" என்று சொல்கிறது. ஜீவனாம்சம் எட்டு வயதுக் குழந்தையின் சொல் அன்று. பெரியவர்களின் பேச்சிலிருந்து வந்து சேர்ந்த சொல். யாரோ திட்டமிட்டு ஓதி வைத்திருக்கலாம். அடுத்த அறையில் தொலைபேசியில் நடந்த பேச்சு தானாகவே காதில் விழுந்திருக்கவும் கூடும். கேட்கிற பெற்றோருக்கு இரண்டும் ஒரே வலிதான் என்றாலும், நீதிமன்றத்தின் பார்வையில் இவற்றுக்கிடையே பெரிய தொலைவு இருக்கிறது.

பிரிந்த பெற்றோரில் ஒருவர், மற்றவரைப் பற்றிக் குழந்தையின் மனத்தில் வெறுப்பையோ அச்சத்தையோ நியாயமான காரணமின்றி விதைத்து, குழந்தையே உறவை மறுக்கும்படி செய்வதைத்தான் பெற்றோர் அந்நியமாக்கல் என்கிறோம். தாயும் செய்யலாம், தந்தையும் செய்யலாம், உடன் வாழும் தாத்தா பாட்டியும் செய்யலாம். குழந்தையோடு வசிக்காத பெற்றோர் என்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்பவற்றைச் சொல்வதே இங்கே நோக்கம். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்நியமாக்கல் என்ற சொல்லை மனுவில் எத்தனை முறை எழுதினாலும் அது எதையும் நிரூபிக்காது. தேதியோடும் சான்றோடும் அடுக்கப்பட்ட சிறு சிறு நிகழ்வுகள்தான் நிரூபிக்கும்.

சொல்லின் பின்னணி

இந்தச் சொல் நீதிமன்றங்களில் ஏன் இவ்வளவு சர்ச்சைக்குள்ளாகிறது என்பதை அறியாமல் வழக்குத் தொடுப்பது, எதிர்த்தரப்பின் முதல் கேள்வியிலேயே தடுமாறுவதற்கு வழி செய்யும். அமெரிக்கக் குழந்தை மனநல மருத்துவர் ரிச்சர்ட் கார்ட்னர் 1985இல் இதை ஒரு நோய்த்தொகுதியாக முன்வைத்தார். காரணமின்றி ஒரு பெற்றோரைத் தொடர்ந்து இழித்துப் பேசுவது, அற்பமான காரணங்களைச் சொல்வது, ஒருவரை முழுக்க நல்லவராகவும் மற்றவரை முழுக்கக் கெட்டவராகவும் பார்ப்பது, "இது என் சொந்த முடிவு" என்று யாரும் கேட்காமலேயே வலியுறுத்துவது, குற்றவுணர்வின்மை, பெரியவர்களிடமிருந்து இரவல் வாங்கிய சொற்கள், அந்தப் பெற்றோரின் உறவினர்கள்மீதும் பரவும் வெறுப்பு ஆகியவை அவர் பட்டியலிட்ட எட்டு அறிகுறிகளுள் முக்கியமானவை. அறிகுறிகள் பலருக்கும் பழக்கமானவையாகத் தோன்றினாலும், இதை ஒரு நோயாக மருத்துவ உலகம் ஏற்கவில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட நோய்க் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் இதற்கு இடமில்லை. உலக சுகாதார அமைப்பின் பதினோராம் நோய் வகைப்பாட்டின் சொல்லடைவில் இடம்பெற்றிருந்த பெயரும் 2020இல் நீக்கப்பட்டது.

சட்டங்களும் இருவேறு திசைகளில் போயிருக்கின்றன. பிரேசில் 2010இல் இதற்கென்றே 12,318 என்ற எண்ணுள்ள தனிச் சட்டத்தை இயற்றியது. தொடர்பைத் தடுப்பது, பள்ளி மற்றும் மருத்துவத் தகவல்களை மறைப்பது, பொய்ப் புகார் கொடுப்பது, காரணமின்றித் தொலைதூரத்துக்குக் குடிபெயர்வது போன்ற செயல்களை அது எடுத்துக்காட்டுகளாகவே பட்டியலிடுகிறது. மறுபுறம், பெண்களுக்கு எதிரான வன்முறை குறித்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் ரீம் அல்சலேம், 2023இல் மனித உரிமைகள் மன்றத்துக்கு அளித்த அறிக்கையில், குடும்ப வழக்குகளில் இந்தக் கருத்தாக்கத்தைப் பயன்படுத்துவதையே நாடுகள் தடை செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தார். வன்முறைக்கு உள்ளான பெண்ணின் நியாயமான அச்சத்தை, குழந்தையைத் திருப்பிவிடும் சூழ்ச்சியாகச் சித்திரிக்க இச்சொல் ஆயுதமாகிறது என்பது அவருடைய வாதம். என் பார்வையில் இரு தரப்பிலும் உண்மை இருக்கிறது. குழந்தையைக் கருவியாக்கும் பெற்றோரும் உண்டு, அந்தக் குற்றச்சாட்டையே கருவியாக்கும் பெற்றோரும் உண்டு.

நீதிமன்றங்கள் மெல்ல ஒரு நடுவழிக்கு வந்துகொண்டிருக்கின்றன. இந்திய உச்ச நீதிமன்றம் 2017இல் ஒரு வழக்கில் பெற்றோர் அந்நியமாக்கலைப் பெயர் சொல்லியே விவாதித்து, தந்தையிடம் வளர்ந்துவந்த சிறுமியைத் தாயிடம் ஒப்படைக்கும் முடிவை உறுதிசெய்தது. அதே நீதிமன்றம் 2024இல், அந்நியமாக்கும் நடத்தை என்று சொல்லத்தக்க தனித்தனி நிகழ்வுகளை அடையாளம் காணாமல், அவசரப்பட்டு ஒரு பெற்றோர்மீது அந்த முத்திரையைக் குத்தக் கூடாது என்று எச்சரித்தது. இங்கிலாந்தில் குடும்ப நீதிமன்றப் பிரிவின் அப்போதைய தலைவர் சர் ஆண்ட்ரூ மெக்ஃபார்லேன் 2023இல் அளித்த தீர்ப்பு, இது உளவியலாளர் கண்டறிந்து சொல்லும் நோயன்று, நீதிமன்றம் சான்றுகளின்மீது தீர்மானிக்க வேண்டிய உண்மைக் கேள்வி என்று தெளிவுபடுத்தியது. அதையொட்டி 2024 டிசம்பரில் அங்குள்ள குடும்ப நீதிக் குழு வெளியிட்ட வழிகாட்டுதல், மூன்று விஷயங்களும் சேர்ந்து நிரூபிக்கப்பட வேண்டும் என்கிறது. குழந்தை உறவைத் தயங்குகிறது, எதிர்க்கிறது அல்லது மறுக்கிறது என்பது ஒன்று. அந்த மறுப்பு, மறுக்கப்படும் பெற்றோரின் சொந்த நடத்தையால் விளைந்ததன்று என்பது இரண்டு. மற்றப் பெற்றோரின் நடத்தை நேராகவோ மறைமுகமாகவோ அந்த மறுப்புக்கு இட்டுச் சென்றது என்பது மூன்று. நீங்கள் எந்த நாட்டில் வழக்காடினாலும் உங்கள் சான்றுகளை இந்த மூன்று தலைப்புகளில் பிரித்து அடுக்கிக்கொள்வது பயன் தரும். பெரும்பாலான வழக்குகள் இரண்டாவதில்தான் சறுக்குகின்றன.

முதல் படி: குழந்தை ஏன் மறுக்கிறது என்பதை உங்களோடு தொடங்கி ஆராயுங்கள்

இதுதான் கசப்பான படி. அதனால்தான் பலரும் இதைத் தாண்டிக் குதிக்கிறார்கள். ஜோன் கெல்லி, ஜேனட் ஜான்ஸ்டன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 2001இல், பிரிவுக்குப் பின் குழந்தையின் உறவை ஒரே கோட்டில் பல புள்ளிகளாக வைத்துக் காட்டினார்கள். இருவரிடமும் ஒட்டுதல் உள்ள குழந்தை, இயல்பாகவே ஒருவரிடம் கூடுதல் ஒட்டுதல் உள்ள குழந்தை, சண்டையில் ஒரு பக்கம் சாய்ந்துவிட்ட குழந்தை, கொடுமை அல்லது புறக்கணிப்பின் காரணமாக ஒருவரிடமிருந்து நியாயமாகவே விலகிய குழந்தை, காரணமின்றி அந்நியப்படுத்தப்பட்ட குழந்தை என்று அந்தக் கோடு நீள்கிறது. கடைசி இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். இரண்டிலும் குழந்தை அழும், வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும், தொலைபேசியை எடுக்காது.

எனவே ஒரு தாளை எடுத்து, உங்கள் வழக்கறிஞரிடம்கூடக் காட்டாமல், சில கேள்விகளுக்கு நேர்மையாக விடை எழுதுங்கள். குழந்தையின் கண்முன் நீங்கள் கை ஓங்கியதுண்டா, பொருள்களை வீசியதுண்டா? குடித்துவிட்டு வீட்டுக்கு வந்ததுண்டா? பிரிவுக்கு முன் குழந்தையைக் குளிப்பாட்டியது, பள்ளிக்கு அனுப்பியது, காய்ச்சலில் விழித்திருந்தது யார்? பிரிவுக்குப் பின் எத்தனை சந்திப்புகளை நீங்களே தவறவிட்டீர்கள்? புதிய துணையைக் குழந்தைக்கு எப்போது, எப்படி அறிமுகம் செய்தீர்கள்? சந்திப்பு நேரத்தில் குழந்தையோடு இருந்தீர்களா, கைபேசியோடு இருந்தீர்களா? "அம்மா வீட்டில் யார் யார் வருகிறார்கள்" என்று துருவிக் கேட்டீர்களா? எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் இவற்றையெல்லாம் கேட்கத்தான் போகிறார். தனிமையில் முதலில் நீங்களே கேட்டுக்கொள்வது நல்லது.

வயதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு மூன்று வயதுக் குழந்தை கைமாறும் நேரத்தில் அழுவது பிரிவின் பதற்றமாக இருக்கலாம். கதவு மூடிய சிறிது நேரத்தில் அழுகை நின்றுவிடுகிறதா என்பதைக் கவனித்தால் பெரும்பாலும் விளங்கிவிடும். பதின்ம வயதினர் வார இறுதியில் நண்பர்களைத் தேடுவது எந்தக் குடும்பத்திலும் நடப்பதுதான். சில குழந்தைகள் இரு வீடுகளிலும் அந்தந்த வீட்டார் கேட்க விரும்புவதைச் சொல்லி அமைதியை வாங்குகின்றன: இங்கே "அங்க பிடிக்கலை", அங்கே "இங்க பிடிக்கலை". அப்படிப்பட்ட குழந்தையின் ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு வழக்கைக் கட்டினால், அதே குழந்தையின் மறு வாக்கியம் அதை இடித்துவிடும்.

இந்த ஆய்வில் உங்கள் பக்கம் தவறு தெரிந்தால் அதைத் திருத்துவதே முதல் சட்ட நடவடிக்கை என்று கொள்ளுங்கள். கோபத்தைக் கட்டுப்படுத்தும் பயிற்சி, குடி மீட்புச் சிகிச்சை, பெற்றோருக்கான ஆலோசனை ஆகியவற்றில் நீங்களாகவே முன்வந்து சேர்ந்ததற்கான சான்றிதழ், உங்கள் மனுவோடு இணைக்கும் பல ஆவணங்களைவிட எடை கூடியது.

இரண்டாம் படி: தெளிவான எழுத்துபூர்வ உத்தரவைப் பெறுங்கள்

வாய்வழி ஒப்பந்தம் மீறப்பட்டால் எந்த நீதிமன்றமும் அமல்படுத்தாது. மணமுறிவு வழக்கு நிலுவையில் இருக்கும்போதே இடைக்கால உத்தரவு கேட்க முடியும். இந்தியாவில் 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர்கள் மற்றும் காப்பிலுள்ளோர் சட்டத்தின் 12ஆம் பிரிவும், இந்துக்களுக்கு 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தின் 26ஆம் பிரிவும் இதற்கு வழி செய்கின்றன. இங்கிலாந்தில் 1989ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டத்தின் 8ஆம் பிரிவின்கீழ், குழந்தை யாரோடு வசிக்கும், யாரோடு எப்போது நேரம் கழிக்கும் என்பதை வரையறுக்கும் உத்தரவு கிடைக்கும். நாடு எதுவாயினும் குழந்தையின் நலனே மேலான அளவுகோல். குழந்தை உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கை, 1989, அதன் 9ஆம் உறுப்பில், நலனுக்கு எதிராக இல்லாத வரையில் பிரிந்த பெற்றோர் இருவரோடும் நேரடித் தொடர்பை முறையாகப் பேணுவது குழந்தையின் உரிமை என்கிறது. உரிமை குழந்தையுடையது என்பதால், மனுவையும் அந்த மொழியிலேயே எழுதச் சொல்லுங்கள். "எனக்குக் குழந்தையைப் பார்க்க உரிமை உண்டு" என்பதைவிட "குழந்தைக்குத் தன் தந்தையோடு உள்ள உறவு துண்டிக்கப்படுகிறது" என்பது சட்டத்துக்கு நெருக்கமான வாக்கியம்.

உத்தரவின் வாசகத்தில் கஞ்சத்தனம் கூடாது. "நியாயமான நேரங்களில் சந்திக்கலாம்" என்ற ஒரு வரி உத்தரவு, நியாயம் எது என்பதில் உடன்படாத இருவருக்கு இடையே மூன்று ஆண்டுச் சண்டைக்கு விதை. அதற்குப் பதிலாக, "ஒவ்வொரு மாதமும் முதல், மூன்றாம் சனிக்கிழமைகளில் காலை 10 மணிக்குத் தாய் குழந்தையை இன்ன இடத்தில் ஒப்படைக்க வேண்டும், ஞாயிறு மாலை 5 மணிக்குத் தந்தை அதே இடத்தில் திருப்பி ஒப்படைக்க வேண்டும், குழந்தையின் உடல்நிலையால் சந்திப்பு தடைபட்டால், மருத்துவர் சான்றோடு அன்றே தெரிவித்து, அடுத்த வார இறுதியில் ஈடுசெய்ய வேண்டும்" என்று இருந்தால், மீறல் நடந்ததா இல்லையா என்பதில் வாதத்துக்கு இடமில்லை. விடுமுறைப் பங்கீடு, காணொளி அழைப்பின் நாளும் நேரமும், பள்ளியிலிருந்தும் மருத்துவரிடமிருந்தும் நேரடியாகத் தகவல் பெறும் உரிமை, கடவுச்சீட்டு யாரிடம் இருக்க வேண்டும், ஊர் மாறுவதற்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு, குழந்தையின் முன்னிலையில் மற்றவரை இழித்துப் பேசுவதற்கு இரு தரப்புக்கும் தடை ஆகிய எல்லாமே அதில் இடம்பெற வேண்டும். தினமும் ஐந்து முதல் பத்து நிமிடங்கள் குழந்தையோடு தொலைபேசியிலோ காணொளியிலோ பேசும் உரிமை, குழந்தை தன்னிடம் இல்லாத பெற்றோருக்கு வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2020இல் கூறியிருப்பதை அங்கே வழக்காடுபவர்கள் எடுத்துக்காட்டலாம்.

ஜீவனாம்சத்தை இதோடு முடிச்சுப் போடாதீர்கள். குழந்தையைக் காட்டவில்லை என்பதற்காகப் பணத்தை நிறுத்துவது, அந்நியமாக்கும் பெற்றோருக்கு நீங்களே எழுதிக் கொடுக்கும் சான்று. தொடக்கத்தில் சொன்ன குழந்தையின் வாயில் அந்த வாக்கியம் பொய்யாக இருப்பது வேறு, உண்மையாக இருப்பது வேறு.

மூன்றாம் படி: பதிவேடு

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். நடந்த அன்றே எழுத வேண்டும். நடந்ததை மட்டும் எழுத வேண்டும். "மறுபடியும் வழக்கம்போல என் மகளுக்கு விஷம் ஏற்றி அனுப்பியிருக்கிறாள்" என்று எழுதுவது நாட்குறிப்பு; அதனால் பயனில்லை. பயன்படும் பதிவு இப்படி இருக்கும்:

"மார்ச் 7, சனி. உத்தரவுப்படி 10 மணி. 9.50க்கு ஒப்படைக்கும் இடத்தில் இருந்தேன். 10.25க்குக் குறுஞ்செய்தி: 'அவளுக்கு வயிற்று வலி.' மருத்துவர் சான்று கேட்டுப் பதில் அனுப்பினேன், 10.31. பதில் இல்லை. 11.15 வரை காத்திருந்தேன். காத்திருந்ததற்குச் சான்று: வாகன நிறுத்தச் சீட்டு. ஈடு நாளாக மார்ச் 14 கேட்டு மாலை 6 மணிக்கு மின்னஞ்சல்."

இதில் ஒரு வசைச்சொல்கூட இல்லை, ஊகமும் இல்லை. இதுபோன்ற பதினைந்து பதிவுகளை ஒரே அட்டவணையாக்கி, எத்தனை சந்திப்புகள் உத்தரவிடப்பட்டன, எத்தனை நடந்தன, நடக்காதவற்றுக்குச் சொல்லப்பட்ட காரணம் என்ன என்று மனுவோடு இணைத்தால், நீதிபதி ஒரே பார்வையில் போக்கைப் புரிந்துகொள்வார். குழந்தை சொன்னதைப் பதியும்போது அதன் சொற்களையே மேற்கோளாக எழுதுங்கள். எந்தச் சூழலில், எந்தக் கேள்விக்கு, அல்லது கேள்வியே இல்லாமல் சொன்னதா என்பதையும் சேருங்கள். நல்லபடி நடந்த சந்திப்புகளையும் பதிய மறக்காதீர்கள். மாலை முழுதும் சிரித்து விளையாடிய குழந்தை, திரும்பிச் செல்லும் வண்டியில் ஏறும் முன் முகத்தை மாற்றிக்கொண்டது என்பது, வெறுப்புப் பேச்சைவிட அதிகம் சொல்லும் குறிப்பு.

குழந்தையைப் பேச வைத்து ரகசியமாக ஒலிப்பதிவு செய்யாதீர்கள். பல நாடுகளில் அது சட்டச் சிக்கலை இழுத்துவரும். சட்டச் சிக்கல் இல்லாத இடத்திலும், குழந்தையைச் சாட்சியாக்கிய பெற்றோர் என்ற பெயரை உங்களுக்கு வாங்கித் தரும். மற்றவரின் மின்னஞ்சலையோ கைபேசியையோ திருட்டுத்தனமாகத் திறப்பது அதைவிட மோசம். உங்களுக்கு வந்த செய்திகளை மட்டும், முழு உரையாடலாக, தேதியும் எண்ணும் தெரியும்படி பாதுகாத்து வையுங்கள். நடுவில் நான்கு வரியை மட்டும் வெட்டி எடுத்த திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) சந்தேகத்தையே வளர்க்கும். இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணு ஆவணங்களோடு அதற்குரிய சான்றிதழும் இணைக்கப்பட வேண்டும். பழைய கைபேசியை விற்றுவிட்டுப் பிறகு இந்தச் சான்றிதழுக்காகத் தவிப்பவர்கள் நிறைய.

நான்காம் படி: நீங்கள் எழுதும் ஒவ்வொரு செய்தியும் நீதிபதி படிக்கப்போவது

சந்திப்பு மூன்றாவது முறையாகத் தடைபட்ட இரவு பதினொரு மணிக்கு, "நீ ஒரு தாயா? குழந்தையை வைத்துப் பணம் பறிக்கிறாய். உன்னைச் சும்மா விடமாட்டேன்" என்று அனுப்பப்படும் செய்தி, அதுவரை சேர்த்த பதிவேட்டையெல்லாம் கரைத்துவிடும், கடைசி வாக்கியம் மிரட்டலாகத் தனி வழக்கே ஆகலாம். அதே உணர்வை இப்படி எழுதலாம்: "உத்தரவின்படி இன்று நடக்க வேண்டிய சந்திப்பு நடக்கவில்லை. இது இந்த மாதத்தில் மூன்றாவது. வரும் சனிக்கிழமை ஈடு செய்ய முடியுமா என்று செவ்வாய்க்குள் தெரிவிக்கவும். அவளுக்கு வயிற்று வலி குறைந்துவிட்டதா?" கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். அது உத்திக்காக மட்டும் அன்று. உடம்பு சரியில்லாத குழந்தையைப் பற்றி அக்கறையுள்ள எவரும் கேட்பதுதானே.

ஐந்தாம் படி: குழந்தையின் முன்னால்

வழக்கைவிட இதுவே கடினமானது. இங்கே செய்யும் தவறுகளை எந்த மேல்முறையீட்டாலும் சரிசெய்ய முடியாது. "ஜீவனாம்சம் ஒழுங்கா கட்டறதில்லை" என்று சொன்ன குழந்தையிடம் வங்கிக் கணக்கைத் திறந்து காட்டி உங்கள் நேர்மையை நிரூபிக்கத் தோன்றும். அப்படிச் செய்தால் குழந்தை இரண்டு பெரியவர்களில் ஒருவரைப் பொய்யராக ஏற்க வேண்டியிருக்கும். அது எந்தப் பக்கம் போகும் என்பது உங்களுக்கே தெரியும். "அது பெரியவங்க பார்த்துக்கற விஷயம்டா, நீ கவலைப்பட வேண்டாம். அதை நினைச்சு உனக்குக் கஷ்டமா இருந்துச்சா?" என்று கேட்பது மற்றவரைக் குறை சொல்லாமலேயே சுமையை இறக்கிவைக்கிறது. "யார் சொன்னாங்க?" என்ற கேள்வி வாய் வரை வரும், விழுங்கிவிடுங்கள்.

குழந்தை உங்களைக் குற்றம் சாட்டினால், அதில் ஒரு துளி உண்மை இருந்தாலும் அதை ஒப்புக்கொள்ளுங்கள். போன பிறந்தநாளுக்கு வரவில்லை என்பது உண்மையானால், வராததற்கு மற்றவர்தான் காரணம் என்று விளக்காமல், "ஆமா, வரலை. நீ எதிர்பார்த்திருப்ப" என்று சொல்லி நிறுத்தலாம். கண்டிப்பு காட்ட அஞ்சி எல்லாவற்றையும் வாங்கிக் கொடுக்கும் பழக்கமும் வேண்டாம். பரிசுப் பொருளால் வாங்கப்படுகிறோம் என்பது குழந்தைக்குப் புரியும், அது மறுவீட்டில் கேலிப் பொருளாகவும் மாறும். சேர்ந்து செய்கிற வேலைகளே உறவைத் திரும்பக் கட்டுகின்றன. சைக்கிள் சங்கிலியை மாட்டுவது, வீட்டுப்பாட வரைபடத்துக்கு வண்ணம் தீட்டுவது போன்றவற்றில் முகம் பார்த்துப் பேச வேண்டிய நெருக்கடி இல்லாததால், பேச்சு தானாக வரும்.

ஆறாம் படி: நீதிமன்றத்துக்குத் திரும்புதல்

காத்திருந்தால் குழந்தை தானாகப் புரிந்துகொள்ளும் என்ற நம்பிக்கை, இந்த ஒரு விஷயத்தில், பெரும்பாலும் ஏமாற்றுகிறது. தொடர்பில்லாத ஆறு மாதங்கள் சிறு குழந்தைக்கு மிக நீண்ட காலம். பிறகு "இப்போது மாற்றுவது குழந்தைக்குப் பாதிப்பு" என்ற வாதத்துக்கு அந்த இடைவெளியே துணை நிற்கும். பெற்றோர்-குழந்தை உறவு தொடர்பான வழக்குகளில் காலம் கடப்பதே சரிசெய்ய முடியாத விளைவுகளை உண்டாக்கும் என்று ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் பலமுறை கூறியிருக்கிறது. எனவே இரண்டு மூன்று சந்திப்புகள் காரணமின்றித் தடைபட்டவுடனேயே வழக்கறிஞர் வழியே கடிதம், அதற்கும் பயனில்லையெனில் மனு என்று நகர வேண்டும். குழந்தை தொடர்பான உத்தரவுகள் எந்நாளும் இறுதியானவை அல்ல, சூழல் மாறினால் மாற்றத்தக்கவை என்பதை இந்திய உச்ச நீதிமன்றம் 1973இலேயே சொல்லியிருக்கிறது. பிற நாட்டுச் சட்டங்களும் இதே போக்கில்தான் இருக்கின்றன.

எதைக் கேட்பது என்பதில் நிதானம் வேண்டும். எடுத்த எடுப்பிலேயே குழந்தையை என்னிடம் ஒப்படையுங்கள் என்று கேட்பவரைவிட, ஏணிப்படியாகக் கேட்பவரையே நீதிமன்றம் நம்புகிறது. தவறிய சந்திப்புகளுக்கு ஈடு நாள்கள், ஒப்படைக்கும் இடத்தைப் பள்ளி வாசலுக்கோ நடுநிலை இடத்துக்கோ மாற்றுவது, இரு பெற்றோருக்கும் ஆலோசனை, சமரசப் பேச்சு, குழந்தைக்குத் தகுதிபெற்ற உளவியலாளரின் உதவி, மேற்பார்வையோடு கூடிய சந்திப்பு ஆகியவை கீழ்ப்படிகள். இந்தியாவில் 1984ஆம் ஆண்டின் குடும்பநல நீதிமன்றங்கள் சட்டம், சமரசத்துக்கு முயல்வதை நீதிமன்றத்தின் கடமையாக்கி, மருத்துவ, நலத்துறை வல்லுநர்களின் உதவியைப் பெறவும் இடம் தருகிறது. வல்லுநரைக் கேட்கும்போது, "அந்நியமாக்கல் உள்ளதா என்று கண்டறிய" என்று கேட்காதீர்கள். "குழந்தையின் மறுப்புக்கான காரணங்களையும், உறவைச் சீர்செய்யும் வழியையும் மதிப்பிட" என்று கேளுங்கள். நடுநிலையான அந்தக் கேள்விக்கு வரும் விடைக்குத்தான் மதிப்பு. அந்த வல்லுநர் இரு பெற்றோரையும் சந்திக்க வேண்டும். உங்கள் பேச்சை மட்டும் கேட்டுவிட்டு மற்றவரைப் பற்றி எழுதப்படும் அறிக்கை குப்பைக்குத்தான் போகும்.

அடுத்த படி அமலாக்கம். உத்தரவை வேண்டுமென்றே மீறுவோருக்கு எதிராக நிறைவேற்று மனுவும் நீதிமன்ற அவமதிப்பு மனுவும் பல நாடுகளில் உண்டு. இங்கிலாந்தில் மீறிய பெற்றோருக்கு 40 முதல் 200 மணி நேரம் வரை ஊதியமில்லா வேலையை நீதிமன்றம் விதிக்கலாம். பிரேசில் சட்டம் எச்சரிக்கை, கூடுதல் சந்திப்பு நேரம், அபராதம், உளவியல் கண்காணிப்பு, பராமரிப்புப் பொறுப்பை மாற்றுதல் என்று வரிசைப்படுத்துகிறது. பெற்றோர் அதிகாரத்தையே நிறுத்திவைக்கும் கடுமையான பிரிவு 2022இல் நீக்கப்பட்டது. அவமதிப்பு மனுவைப் பற்றி ஒரு கருத்து: அது கையில் இருப்பது நல்லது, ஆனால் "அப்பா அம்மாவை ஜெயிலுக்கு அனுப்பப் பார்க்கிறார்" என்ற வாக்கியமாகத்தான் அது குழந்தையின் காதுக்குப் போய்ச் சேரும். பலமுறை யோசித்த பிறகே எடுக்க வேண்டும்.

குழந்தையின் வசிப்பிடத்தையே மாற்றுவது ஏணியின் உச்சி. ஒரு பெற்றோரின் நடத்தை குழந்தைக்கு உளவியல் தீங்காகவே மாறிவிட்டது என்று நிரூபிக்கப்பட்ட சில வழக்குகளில் நீதிமன்றங்கள் இதைச் செய்திருக்கின்றன. ஆனால் தன்னை வளர்த்தவரிடமிருந்து, தான் வெறுப்பதாகச் சொல்லும் ஒருவரிடம் திடீரென்று மாற்றப்படும் குழந்தையின் நிலையை எண்ணிப்பார்க்காமல் இதைக் கேட்கக் கூடாது. கேட்பதானால் பள்ளி, உறங்கும் அறை, மற்றப் பெற்றோரோடு எப்படித் தொடர்பு தொடரும் என்பது வரை ஒரு திட்டத்தை மனுவிலேயே வையுங்கள்.

குழந்தையின் குரல்

ஐ.நா. உடன்படிக்கையின் 12ஆம் உறுப்பு, கருத்துருவாக்கும் திறனுள்ள குழந்தை தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையைத் தருகிறது. அதற்குரிய எடை வயதையும் முதிர்ச்சியையும் பொறுத்தது. இந்தியாவின் 1890ஆம் ஆண்டுச் சட்டமும், அறிவார்ந்த விருப்பத்தை உருவாக்கும் வயதை அடைந்த குழந்தையின் விருப்பத்தை நீதிமன்றம் கருதலாம் என்கிறது. பல நீதிபதிகள் தங்கள் அறையில் பெற்றோர் இல்லாமல் குழந்தையோடு பேசுவார்கள். அந்தச் சந்திப்புக்கு முன் குழந்தைக்கு எதையும் சொல்லிக்கொடுக்காதீர்கள். "உண்மையைச் சொல்லு" என்ற அறிவுரைகூட வேண்டாம், அதுவும் ஒரு அழுத்தமே. முடிந்து வெளியே வந்ததும் என்ன கேட்டார்கள் என்று விசாரிக்கவும் வேண்டாம்.

குழந்தை வேறு நாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டால்

இங்கே நாள்கள் எண்ணப்படுகின்றன. 1980ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை, 16 வயதுக்குட்பட்ட குழந்தை வழக்கமாக வசித்த நாட்டிலிருந்து முறைகேடாகக் கொண்டுசெல்லப்பட்டால் திருப்பி அனுப்ப வழி செய்கிறது. ஓராண்டுக்குள் நடவடிக்கை தொடங்கியிருந்தால், கடுமையான ஆபத்து போன்ற சில விதிவிலக்குகளைத் தவிர, உடனே திருப்பி அனுப்ப வேண்டும் என்பதே பொது விதி; ஓராண்டு கடந்தால், குழந்தை புதிய இடத்தில் வேரூன்றிவிட்டது என்ற வாதத்துக்கும் இடம் உண்டு. இலங்கையும் சிங்கப்பூரும் இதில் சேர்ந்த நாடுகள். இந்தியா சேரவில்லை, அங்கே உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு, அல்லது குடும்பநல நீதிமன்றத்தில் பாதுகாவலர் மனு என்ற வழியே உண்டு. கொண்டுசெல்லப்படும் அபாயம் முன்கூட்டியே தெரிந்தால், கடவுச்சீட்டை நீதிமன்றத்தில் ஒப்படைக்கவும் பயணத் தடை விதிக்கவும் கேளுங்கள்.

குற்றச்சாட்டு உங்கள்மீது வந்தால்

இதுவரை படித்தவர்களில் சிலர் மறுபக்கத்தில் நிற்பவர்களாக இருக்கலாம். வன்முறைக்கு அஞ்சி வெளியேறி, குழந்தையின் அச்சத்தை அறிந்து, சந்திப்புக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோர்மீது அந்நியமாக்கல் என்ற சொல் வீசப்படும்போது, அமைதியாக இருப்பது ஆபத்து. வன்முறையை வழக்கின் தொடக்கத்திலேயே, மருத்துவச் சீட்டு, புகார் நகல், அந்தக் காலத்தில் யாரிடமேனும் அனுப்பிய செய்தி ஆகியவற்றோடு முன்வையுங்கள். பிறகு சொன்னால் புனைந்து சொன்னதாகவே பேசப்படும். உத்தரவு இருக்கும்போது நீங்களாகவே சந்திப்பை நிறுத்தாதீர்கள். உடனடி ஆபத்து இல்லாத வரை, மேற்பார்வையோடு கூடிய சந்திப்பாக மாற்றக் கோரி அவசர மனு போடுங்கள். குழந்தையின் உடைமைகளை நேரத்துக்கு அனுப்புவது, மறுவீட்டுக்குப் பள்ளி அறிக்கையின் நகலை அனுப்புவது, தாத்தா பாட்டியின் அழைப்பை எடுக்கவிடுவது ஆகியவற்றையும் பதிவு செய்து வையுங்கள். பாதுகாப்பைக் கேட்பவருக்கும் உறவையே அறுக்க நினைப்பவருக்கும் உள்ள வேறுபாட்டை இந்தச் சிறு செயல்கள்தாம் நீதிபதிக்குக் காட்டுகின்றன.

எல்லாம் செய்தும் குழந்தை வரவில்லையென்றால்

பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளை உறுதியாக மறுக்கும்போது எந்த உத்தரவும் அதைக் காரில் ஏற்றிவிட முடியாது. நீதிமன்றங்களும் அந்த வயதில் கட்டாயப்படுத்தத் தயங்கும். வழக்கைத் தொடர்வது உறவுக்கு மேலும் கேடு செய்கிறது என்று நீங்களும் வழக்கறிஞரும் கருதினால், நேரடிச் சந்திப்புக் கோரிக்கையை நிறுத்திவைத்து, கடிதமும் பிறந்தநாள் வாழ்த்தும் அனுப்பும் உரிமையையும் பள்ளித் தகவல் பெறும் உரிமையையும் மட்டும் உத்தரவில் தக்கவைத்துக்கொள்ளலாம். கடிதங்கள் சுருக்கமாக இருக்கட்டும். புகாரோ, "ஏன் பதில் எழுதவில்லை" என்ற கேள்வியோ வேண்டாம். ஒவ்வொன்றின் நகலையும் தேதியிட்டு ஒரு பெட்டியில் வையுங்கள். அனுப்பியவை கையில் சேரவே இல்லை என்று பிள்ளை பின்னாளில் சொல்லக்கூடும். அப்போது அந்தப் பெட்டியைக் கொடுக்கலாம். பெரும்பாலான நாடுகளில் 18 வயது நிறைந்ததும் சந்திப்பு உத்தரவுகள் செயலிழக்கின்றன, யாருடைய அனுமதியும் தேவைப்படுவதில்லை. அதுவரை கைபேசி எண்ணை மாற்றாதீர்கள். மாற்ற நேர்ந்தால், புதிய எண்ணைப் பிள்ளைக்குத் தெரிந்த உறவினர் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.